தரிசு என்று எழுதப்பட்ட கரை

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி எங்கள் வீடு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்குக் குறையாத உயரம். மழை மாதங்களில் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி வந்து ஜன்னலில் நிற்கும். இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நாகப்பட்டினம் மாவட்டத்து மீனவ ஊர் ஒன்றின் கடற்கரையை வரைந்தோம். அது என் மனைவி பிறந்த ஊர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சில வேலைகள் இன்னும் பாதியில் நிற்கின்றன.

நான் நில அளவைத் துறையில் இருந்தவன். பணிக்காலம் பெரும்பாலும் நீலகிரியில். மனைவிக்கு இங்கே ஆசிரியை வேலை கிடைத்து வந்த இடத்தில் பழக்கமாகி, கல்யாணமாகி, இப்போது இருவருமே ஓய்வில் இருக்கிறோம். அவளுடைய தம்பி நாகையில் விசைப்படகுக்குப் போகிறவர். ஊரில் ஒரு ஃபைபர் படகில் பங்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். அந்த நாட்களில் ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு வருவது மச்சானின் வழக்கம். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே கருவாட்டு மூட்டைக்காக நடத்துநரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, என் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டுதான் காபி குடிப்பார்.

2019ஆம் ஆண்டு வந்தபோது அவர் முகம் சரியில்லை. முந்தைய நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறியதில் ஊர் பாதி உடைந்திருந்தது. அதைத்தான் நினைக்கிறார் என்று எண்ணினேன். சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "ஊருக்கும் கடலுக்கும் நடுவுல இருந்த வண்டிப்பாதைய அடைச்சுட்டாங்க மச்சான்."

ஊருக்கு வடக்கே இருந்த சவுக்குத் தோப்பு கைமாறி, அங்கே விடுதி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. தோப்புக்குள் ஓடிய பாதை மதிலுக்குள் போய்விட்டது. ஐஸ் ஏற்றிவரும் மூன்று சக்கர வண்டி அந்தப் பாதையில்தான் கரைக்குப் போகும். மீன் அதே வழியில்தான் வெளியே வரும். இப்போது பெண்கள் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெற்கே சுற்றி நடக்கிறார்கள். சுற்றுகிற நேரத்தில் ஐஸ் உருகுகிறது, வெளியூர் வியாபாரியின் வண்டி கிளம்பிவிடுகிறது, விலை இறங்குகிறது.

"எந்த சர்வே எண்?" என்று கேட்டேன். தொழில் புத்தி, அதுதான் முதலில் வாயில் வந்தது.

"சர்வே எண்ணு யாருக்குத் தெரியும்? அது எங்க எடம். தாத்தன் காலத்துலேருந்து அங்கதானே போறோம்" என்றார்.

தாத்தன் காலத்து உரிமை உண்மையானது. தாலுகா அலுவலக மேசையில் அதை எடுத்து வைக்கத்தான் வழியில்லை. அன்றிரவே அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கும் பதிவேட்டை, இணையத்தில் தேடினேன். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண் போட்டால் அ-பதிவேட்டு விவரமும், அந்த எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படமும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எண் தெரியாததால் கடலோர எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். படகு நிறுத்தும் மணல், வலை காயும் மேடு, கருவாட்டுக் களம், ஏலம் போடும் இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, வகைப்பாடு என்ற பத்தியில் இரண்டே சொற்கள் மாறி மாறி வந்தன. ஒன்று, கடற்கரைப் புறம்போக்கு. இன்னொன்று, தீர்வை ஏற்படாத தரிசு.

தரிசு என்ற சொல்லை ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். யாரும் வரி கட்டாத, பயிர் வைக்காத நிலம் என்பதுதான் வருவாய்த் துறைக்கு அதன் பொருள். படிக்கிற அதிகாரிக்கோ அது காலி இடமாகத்தான் தெரியும். காலி இடம் என்றால் யாருக்கும் கொடுக்கலாம்.

இந்த மலையிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளைப் பயனற்ற நிலம் என்று எண்ணித்தான், வெள்ளைக்காரர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பின்னும், மலை மலையாகச் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் சிறுகச் சிறுக ஓடையில் விடுகிற வேலையைப் புல் செய்துகொண்டிருந்தது. மேய்ச்சல் வேலை, நீர் வேலை, வழிபாட்டு வேலை எல்லாம் நடந்த நிலம் அது. காகிதத்தில் அந்த வேலை ஒன்றுகூட இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சரிவுகளில் சங்கிலி பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அப்போது எனக்கும் இது உறைக்கவில்லை. மச்சான் கேட்ட கேள்விதான் உறைக்கவைத்தது.

மறுநாள் அவரை ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். பஸ் நிலையத்தில் இறங்கியதும், "நாம இப்ப ஏரிக்குள்ள நிக்கிறோம்" என்றேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி இன்று இருப்பதைவிடப் பெரியது. அந்த நாளில் ஏரியைக் கடக்கப் படகுப் போக்குவரத்து இருந்தது, மீன்பிடிப்பும் இருந்தது. பஸ் நிலையம் நிற்கும் இடமும் குதிரைப் பந்தய மைதானமும் ஏரிப் பூங்காவும் பிற்பாடு ஏரி சுருங்கச் சுருங்க வந்தவை. 1973ல் மிச்சமிருந்த ஏரி சுற்றுலாத் துறையிடம் வந்தது. இப்போது கரை முழுக்கப் படகுச் சவாரிச் சீட்டு, சோளக்கதிர், குதிரை.

மச்சான் வெகுநேரம் பேசாமல் நின்றார். "தண்ணியையே இவ்வளவு தூக்கிட்டாங்கன்னா மணல் எம்மாத்திரம்" என்றார். அன்று மாலை எங்கள் சாப்பாட்டு மேசையில் சார்ட் பேப்பரை விரித்தோம்.

முதல் வரைபடத்தை நான்தான் போட்டேன். அது தவறாகப் போனது. அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உதவப் போகிற படித்தவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் அது. புலப்படத்தை நகலெடுத்து, அதன் மேல் மச்சான் சொல்லச்சொல்ல இடங்களைக் குறித்தேன்: படகுத் துறை, வலை கட்டும் இடம், ஏலத் திடல், ஐஸ் இறக்கும் இடம், கோயில். ஐந்தே இடம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதுல பொம்பளைங்க எங்க?" என்று கேட்டாள்.

ஜூன் கடைசியில் ஊருக்குப் போனோம். அவளுடைய சின்னம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, தரையில் கோலமாவில் கரையை வரைந்தார்கள். நெத்திலி காயப்போடும் இடம் வேறு, சூடை காயும் இடம் வேறு. முதலாவதற்குச் சுத்தமான, சற்று மேடான, காற்று அடிக்கிற மணல் வேண்டும். மீன் கழுவ நல்ல தண்ணீர் எடுக்கும் ஊற்று. ஏலத்தில் எடுத்த மீனைப் பங்கு பிரிக்கும் இடம். கூடை வைத்து வெயிலில் நிற்காமல் வியாபாரியோடு பேசும் நிழல். உப்பு மூட்டை அடுக்கும் மூலை. ஆண்கள் சொன்ன ஐந்து இடம் பெண்கள் கையில் பதினான்காக ஆனது. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. பெயர் இருக்கிற இடத்தைக் காலி இடம் என்று சொல்வது கடினம். அந்தப் பெயர்களை அப்படியே வரைபடத்தில் எழுதினோம். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. நாங்கள் போனது ஒரே பருவத்தில். கரை ஒரு வருஷத்தில் பல உருவம் எடுக்கும். வாடைக் காற்று தொடங்கி வடகிழக்குப் பருவமழை வந்தால் கடல் மணலை அரித்துக்கொண்டு ஊரை நோக்கி வரும். படகுகளையெல்லாம் பின்னால் இழுத்து வீடுகளை ஒட்டி நிறுத்துவார்கள். சோழகம் என்கிற தெற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் திரும்ப வந்து சேரும். படகும் முன்னே போகும். தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போன ஆட்களும் ஊரில் இருப்பதால் வலை மராமத்து முழுக்கக் கரையில் நடக்கும், அப்போது கால் வைக்க இடமிருக்காது. ஒரு நாளில் வந்து பார்க்கிற அதிகாரி, அன்று எந்த மூலை சும்மா இருக்கிறதோ அதைச் சும்மா கிடக்கும் நிலம் என்று எழுதிக்கொண்டு போவார். நானே அப்படித்தான் செய்தேன். ஊருக்குத் தெற்கே அகலமான மணல்வெளி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதைக் குறிக்காமல் விட்டேன்.

அது கரைவலைப் பாடு. கரைவலை வளைக்க, படகில் வலையை ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாகப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து முப்பது நாற்பது பேர் கரையிலிருந்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு அணியும் நெருங்கி வரவேண்டும். அதற்கு நீளத்துக்கும் அகலத்துக்கும் தடையில்லாத மணல் தேவை. ஒரு கல் தூண் போதும், கயிறு சிக்கும். நெத்திலியும் காரலும் கரையோரம் அணையும் மாதங்களில்தான் வலை வளைப்பார்கள். மற்ற மாதங்களில் அங்கே பிள்ளைகள் கபடி விளையாடும். வயதானவர்களுக்கும் கடலுக்குள் போக முடியாதவர்களுக்கும் கரைவலைதான் கூலி. அந்த இடத்தை விட்டுவிட்டு வரைந்த வரைபடத்தை வைத்து ஒரு மனுவும் கொடுத்துவிட்டோம்! பிறகு அதைத் திருத்தி மறுமனு போடும்போது, "முதலில் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பல மாதம் போயிற்று. ஒரு வருஷம் முழுக்கப் பார்க்காமல் எந்த மனுவும் கொடுக்காதீர்கள். அவசரமாகக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், பயன்பாடு பருவத்துக்குப் பருவம் மாறும், விவரம் தொடர்ந்து தரப்படும் என்று ஒரு வரியாவது மனுவில் இருக்கட்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் வந்தது 1991 பிப்ரவரியில். 2011 ஜனவரியில் மாற்றி எழுதினார்கள், 2019 ஜனவரியில் மறுபடியும். கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது பழைய பொது விதி. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஊருக்கு ஊர் நிலைமை மாறும் என்பதால் உங்கள் ஊர் எந்த வகையில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். மீனவர்களுக்கு முக்கியமான வாசகம் 2011 அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது. மீனவக் கிராமங்கள், மீனவ சமுதாயத்தின் பொதுச் சொத்துகள், படகுத் துறைகள், ஐஸ் ஆலைகள், மீன் உலர்த்தும் களங்கள் ஆகியவற்றை சர்வே எண் தெரிகிற அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும் என்கிறது அது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் மனுக்களின் தொனியே மாறியது. கருணை காட்டுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தோம். அறிவிக்கை சொன்னபடி வரைபடத்தில் சேருங்கள் என்று எழுதத் தொடங்கினோம். அரசு அந்த வரைபடத்தின் வரைவை வெளியிட்டு ஆட்சேபனை கேட்கும் காலம் மிகக் குறுகியது. அதற்குள் வரைய ஆரம்பித்தால் முடியாது. வரைந்து தயாராக வைத்திருப்பவர்களுக்கே அந்த அவகாசம் பயன்படும். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்து இளைஞர்கள் தங்கள் கரையைத் தாங்களே வரைந்திருக்கிறார்கள். மச்சானுக்கு நம்பிக்கை வந்ததே அதைக் கேள்விப்பட்டுத்தான்.

என் தொழில் சார்ந்த சில விஷயங்கள். கைபேசியில் வரும் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். கரையில் சில மீட்டர் என்பது ஒரு படகு நிறுத்தும் இடம். அதனால் எந்த அளவையும் அசையாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: கோயில் சுவர் மூலை, பொதுக் கிணறு, கண்டுபிடிக்க முடிந்தால் பழைய சர்வே கல். கடல் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், அது நாளுக்கு நாள் நகரும். பழைய புலப்படத்தில் அளவு கண்ணியில் இருக்கும். 100 கண்ணி ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. மீட்டர் என்று நினைத்து அளந்துவிட்டு எல்லை தவறு என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்டிப்பாதை திரும்பக் கிடைத்தது புலப்படத்தால்தான். கணினி நகலில் தோப்பு எண்ணுக்குள் எதுவும் இல்லை, வெறும் எல்லைக் கோடுகள். பழைய காகிதப் புலப்படத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் தோப்பின் குறுக்கே புள்ளிக்கோடு ஒன்று மேற்கிலிருந்து கடல்வரை ஓடியது. அந்தக் காலத்து அளவர் நடந்து பார்த்து, இங்கே வண்டித்தடம் இருக்கிறது என்று வரைந்த கோடு! யாரென்று தெரியாத அந்த மனிதருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன். அதோடு ஐஸ் வண்டிக்காரரின் பழைய ரசீதுகள், கூட்டுறவுச் சங்கத்து ஏலக் கணக்கு, திருவிழாவுக்கு அந்தப் பாதையில் சாமி போன புகைப்படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்துக் கொடுத்தோம். விசாரணை நடந்தது. முழு அகலம் கிடைக்கவில்லை. மூன்று மீட்டர் அகலத்தில் மதிலில் வாசல் விட்டார்கள். ஐஸ் வண்டி போகிறது. என் கருத்தைக் கேட்டால், கரையைக் காப்பதில் மணலைவிடப் பாதைதான் முதலில். மணல் இருந்தும் பாதை போன ஊர்கள் தானாகவே கரையை விட்டுவிடும்.

இன்னொரு விஷயம் எங்களுக்குத் தெரியாமலே கிடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகை மாவட்டம். அதன்பின் உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கரையோர வீட்டை விட்டுப் புது வீடு வாங்கியவர்களின் பழைய மனை அரசின் பொறுப்புக்குப் போகும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. ஊரில் பாதிப்பேருக்கு அது நினைவில்லை. இடிந்த அடித்தளங்களின் மேல் வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, எல்லோரும் இன்னும் அது சொந்த மனை என்றே பேசுகிறார்கள். அந்த மனைகளின் எண்களை ஒவ்வொன்றாகத் தேடி, இது இப்போது ஊர்ப் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது என்று தனிப் பட்டியலாக எழுதினோம். சுனாமிக் குடியிருப்புள்ள ஊர்கள் எல்லாமே இதைச் செய்யவேண்டும். அந்த நிலம்தான் அடுத்து யார் கண்ணிலாவது காலியாகப் படும்.

மிகவும் வருத்தத்தோடு சொல்லவேண்டிய ஒன்று, கரை சுருங்குவது வெளியாட்களால் மட்டும் இல்லை. நல்லெண்ணத்தில் கட்டிய கான்கிரீட் ஏலக்கூடம் ஒன்று ஊரில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் இல்லை, கடலிலிருந்து தூரம், உள்ளே காற்று இல்லை. ஏலம் இன்னும் மணலில்தான் நடக்கிறது. கூடம் எடுத்துக்கொண்ட இடம் முன்பு வலை காயப்போட்ட மேடு. யாராவது உதவி செய்ய வந்தால் கட்டடம் கேட்காதீர்கள். வெற்றிடத்தை அப்படியே விடச் சொல்லுங்கள். குழாயும் விளக்கும் கேளுங்கள். கல் கொட்டித் தடுப்பு கேட்பதற்கு முன் இன்னும் நூறு முறை யோசியுங்கள். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவரின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. நம் ஊருக்குக் கேட்கும் தடுப்பு பக்கத்து ஊரின் மணலைத் தின்னும்.

ஊர்க்காரர்களே கரையில் கொட்டகை போட்டு, பிறகு சுவர் வைத்து, அதைத் தமதாக்கிக்கொண்டதும் உண்டு. பஞ்சாயத்தார் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தபோது, வலை கட்டும் இடத்துக்குள் நான்கு கொட்டகைகள் தெளிவாகத் தெரிந்தன. அதில் ஒன்று என் மச்சானுடையது. எனக்கு அது அன்றுவரை தெரியாது. கூட்டம் அவரையே பார்த்தது. அவர் எழுந்து, "ஞாயித்துக்கிழமை பிரிச்சிடுறேன்" என்று மட்டும் சொன்னார். ஞாயிறு காலை அவரும் அவர் மகனும் ஓலையை இறக்கினார்கள். அடுத்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு கொட்டகைகள் இறங்கின. நான்காவதுக்குச் சொந்தக்காரர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு மச்சான் தன் கொட்டகையைப் பிரிக்காமல் இருந்திருந்தால் அரசிடம் எந்த மனுவையும் நிமிர்ந்து நின்று கொடுத்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிராமசபைத் தீர்மானத்தைப் பற்றி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. "எங்கள் கடற்கரையைப் பாதுகாக்க வேண்டும்" என்று முதலில் ஒரு தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் எதுவும் செய்யமுடியாது. இரண்டாவது தீர்மானத்தை நான் எழுதிக் கொடுத்தேன். இந்த சர்வே எண்ணில், இந்தக் கல்லிலிருந்து இவ்வளவு மீட்டர் நீளம் அகலம், இந்த மாதங்களில் இந்த வேலை நடக்கிறது; இதைத் தனி உட்பிரிவாக அளந்து, தரிசு என்ற வகைப்பாட்டை மாற்றி, மீன் உலர்த்தும் களம், வலை உலர்த்தும் களம், படகு நிறுத்துமிடம் என்று புறம்போக்கின் பயனைப் பதிவேட்டில் எழுதவேண்டும். வரைபடம் இணைப்பு. கூட்டத்தில் வாசிக்க அரைமணி நேரம் ஆனது, சிலர் எழுந்து போனார்கள். ஆனால் தாலுகா அலுவலகத்தில் அந்தக் காகிதத்துக்கு ஒரு கோப்பு எண் விழுந்தது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எந்த மனுவையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலையைக் கேளுங்கள். கோபமாக எழுத வேண்டியதில்லை, தேதியைக் குறிப்பிட்டாலே போதும்.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 5,300 மைல் கடற்கரையில் மீன்பிடித் தொழிலுக்கு மிஞ்சியிருப்பது 20 மைல்தான் என்று 2007ல் ஒரு கணக்கு வெளியானது. அங்கே கரை பெரும்பாலும் தனியார் சொத்து. அதனால் அவர்கள் போன வழி வேறு. தொழில் நடக்கும் கரைக்குச் சந்தை விலையில் வரி போடாமல், இப்போதைய பயன்பாட்டுக்கு ஏற்ற வரி போட 2005ல் மக்கள் வாக்கெடுத்து அரசியலமைப்பையே திருத்தினார்கள். பொதுப் பணத்தைக் கொடுத்து, இந்த இடம் மீன்பிடித் தொழிலுக்கு மட்டும் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளும் ஏற்பாடும் செய்தார்கள். நம் கரை புறம்போக்கு என்பதால் அந்த முறை அப்படியே பொருந்தாது. இருந்தாலும், இந்த நிலத்தில் இந்த வேலை என்று எழுத்தில் இருக்கவேண்டும் என்ற இடத்துக்கு அவர்களும்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இன்றைய நிலவரம்: கருவாட்டுக் களமும் படகு நிறுத்துமிடமும் அளந்து கல் நட்டாயிற்று. பாதைக்கு வாசல் இருக்கிறது. கரைவலைப் பாட்டுக்கான கோப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அகலம் அதிகம் கேட்கிறோம் என்கிறார்கள். கரைவலை வளைக்கும் நாளில் நேரில் வந்து பாருங்கள் என்று எழுதியிருக்கிறோம். விடுதியின் விளக்குகளும் நாற்காலிகளும் மணலில் ஏறி வருவது நிற்கவில்லை.

இந்த வருஷத் தடைக்காலத்தில் மச்சான் சின்னம்மாவையும் அழைத்து வந்தார். எழுபதைத் தாண்டிய அவர் மலை ஏறியது இதுதான் முதல் தடவை. இரண்டு சால்வை போர்த்தியும் குளிர் தாங்கவில்லை, அடுப்பை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன் போய் நின்றார். எழுத்து தெரியாது என்பார், ஆனால் கோயில் எது, கிணறு எது என்று விரலை வைத்துச் சரியாகக் காட்டினார். பிறகு திரும்பி, "வேப்பமரத்தடி எங்க?" என்று கேட்டார்.

"அந்த மரம் கஜாவில் சாய்ந்துவிட்டதே சின்னம்மா, அதனால் போடவில்லை" என்றேன்.

"மரந்தான் போச்சு. நாங்க இன்னும் அங்கதானே கூடைய எறக்கி விக்கிறோம்."

பென்சிலை எடுத்தேன். கோயில் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டேன். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டார். தலையில் கூடை இருப்பதுபோல் ஒரு கையை மேலே வைத்து, எங்கள் கூடத்துத் தரையில் கால் மாற்றி மாற்றி அங்கேயே நடந்து பார்த்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"முப்பத்திரெண்டு எட்டு. வாடையில ரெண்டு எட்டு கொறையும்" என்றார்.